ஓட்டுப் போடாதவர்களின் தீர்மானம்

"எனக்கு மறதி வந்துடுச்சா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார் பெரியவர்.

சந்துரு அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "அது டாக்டர் வேலை சார். அங்க போகணும்னு கெளம்பி, மறந்து இங்க வந்துட்டீங்களா?"

"சந்துருண்ணா" என்றாள் ஜோதிமணி.

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு அதட்டல் இருக்கிறது என்பது அவனுக்கு ஏழு வருஷமாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றப் போனான்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு வளையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் ஜோதிமணியின் துப்பறியும் நிலையம். அவளுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் ராமாபுரம். சந்துரு அவளைவிடப் பத்து வயது மூத்தவன், மைசூரிலேயே பிறந்தவன். ஒரு காலத்தில் கல்யாண போட்டோகிராபர். ஆளுக்கு ஆள் செல்போனைத் தூக்க ஆரம்பித்ததும் கேமராவை மூட்டை கட்டிவிட்டு இவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான். கேமராவைத்தான் விட்டான், வாயை விடவில்லை.

பெரியவரின் பெயர் சேகரன். எழுபத்தொரு வயது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம் என்பதைக் கறுப்புக் கண்ணாடி சொன்னது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாங்க குவேக்கருங்கம்மா. நண்பர்கள்னும் சொல்வாங்க. மைசூர்ல மொத்தமே ஒரு இருபது பேர்தான். எங்களுக்குப் பாதிரியார் கிடையாது, பிரசங்கம் கிடையாது. வட்டமா உக்காந்து மௌனமா இருப்போம். யாருக்காவது உள்ளேருந்து ஏதாவது தோணுச்சுன்னா எழுந்து சொல்வாங்க."

"தோணலேன்னா?" என்றான் சந்துரு.

"ஒரு மணி நேரமும் மௌனம்தான்."

"நமக்கு ஆகாது சார். நான் தூக்கத்துலயே பேசறவன்."

சேகரன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "எங்க டிரஸ்ட் ஒரு பகல் காப்பகம் நடத்துது. கட்டட வேலைக்குப் போற பொம்பளைங்க காலைல பிள்ளைங்கள விட்டுட்டு சாயந்தரம் கூட்டிட்டுப் போவாங்க. முப்பத்தி நாலு பிள்ளைங்க. டிரஸ்டிங்க அஞ்சு பேர். நான் எழுத்தர். கூட்டத்துல எடுக்கிற முடிவை எழுதிக் கையெழுத்துப் போடறது என் வேலை."

"இது அந்த மாதிரி முடிவுதானுங்களா?" ஜோதிமணி தாளை இழுத்துக்கொண்டாள்.

"ஆமா. காப்பகத்து வீட்டை ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு முப்பது வருஷக் குத்தகைக்கு விடறோமாம். காப்பகம் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகுதாம். நடந்து வர்ற பொம்பளைங்க ரெண்டு பஸ் மாறி வரணும். ஒருத்தியும் வர மாட்டா. பிள்ளைங்க மறுபடியும் மணல் குவியல்லதான் உக்காந்திருக்கும்." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "கீழ இருக்கிறது என் கையெழுத்து. சத்தியமா என்னோடதுதான். ஆனா அப்படி ஒரு கூட்டம் நடந்ததாவே எனக்கு ஞாபகம் இல்ல. நேத்து சாயந்தரம் மனோஜ்குமார் போன் பண்ணார், அவரும் ஒரு டிரஸ்டி. 'நாளைக்கு நாலு மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டிருக்கேன், நீங்க வர வேண்டாம் சார், ரெஸ்ட் எடுங்க'ன்னார். எனக்கு ஒண்ணுமே புரியல. ஆபரேஷன் ஆனதுலேருந்து நான் போன்ல எதையும் படிக்கறதில்ல, அப்புறம்தான் ஆபீஸ் ஃபைல்லேருந்து இந்தத் தாளை எடுத்துப் பாத்தேன்."

"மத்தவங்ககிட்டக் கேக்கலீங்களா?"

"கேட்டா எழுத்தருக்குப் புத்தி பெசகிடுச்சுன்னு தெரிஞ்சிடுமே. எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது." குரல் இறங்கியது. "கடைசில என்னையே அடையாளம் தெரியாம போச்சு அவனுக்கு."

சந்துரு காபியைச் சத்தமில்லாமல் அவர் பக்கம் நகர்த்தினான்.

ஜோதிமணி தாளை உரக்கப் படித்தாள். "'ஏப்ரல் 12, சனிக்கிழமை. தலைவர் திருமதி சித்தம்மா தலைமையில் கூட்டம் நடைபெற்றது. முன்மொழிந்தவர் திரு மனோஜ்குமார். வழிமொழிந்தவர் டாக்டர் தீபக். ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்தவர் சேகரன். பெரும்பான்மை வாக்குகளால் தீர்மானம் நிறைவேறியது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட மனோஜ்குமாருக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. நன்றியுரையுடன் கூட்டம் இனிதே முடிந்தது.'"

"பாருங்க, நான் எதிர்த்திருக்கேன்" என்றார் சேகரன். "அதுகூட ஞாபகம் இல்லியே."

"ஓட்டை எப்படிங்க போடுவீங்க? கையைத் தூக்கியா, சீட்டுலயா?"

"நாங்க ஓட்டே போட மாட்டோமே..."

காபி டம்ளர் அவர் வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள் ஜோதிமணி.

"எங்க வழக்கத்துல ஓட்டு கிடையாது. எல்லாருக்கும் மனசு ஒத்து வர்ற வரைக்கும் பேசுவோம், காத்திருப்போம். ஒத்து வரலேன்னா அடுத்த மாசம். முன்மொழியறது, வழிமொழியறது எதுவும் கிடையாது. தலைவர்னு ஒருத்தர் கிடையவே கிடையாது. திரு, டாக்டர்னு பட்டம் போட மாட்டோம். ஏப்ரல்னுகூட எழுத மாட்டோம், நான்காம் மாதம்னுதான் எழுதுவோம்." பேசப்பேச அவர் முதுகு நிமிர்ந்தது. "மௌனத்துல ஆரம்பிச்சு மௌனத்துல முடிப்போம். நன்றியுரையா? நாற்பது வருஷத்துல ஒரு நன்றியுரை கேட்டதில்லைம்மா நான்!"

"நேத்துப் படிக்கறப்ப இதெல்லாம் தோணலீங்களா?"

"கையெழுத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் வேற எதுவும் கண்ணுல படல."

"அப்ப உங்களுக்கு மறதி இல்லீங்க. நடக்காத கூட்டத்தை யாராலயும் ஞாபகம் வெச்சுக்க முடியாது."

சேகரன் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்படின்னா எங்கள்ல ஒருத்தர் பொய் எழுதியிருக்காங்க" என்றார். "மறதியாவே இருந்திருக்கலாம்."

ஜோதிமணி கேட்டாள். "வெத்துத் தாள்ல எப்பவாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?"

சேகரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆபரேஷனுக்கு முந்தின நாள். மூணு தாள். அவசரத்துக்கு லெட்டர் அனுப்பணும்னா இருக்கட்டும்னு. ஆபீஸ் ரூம் அலமாரில வெச்சேன்."

"பூட்டிட்டுத்தானுங்களே?"

"நண்பர்களுக்குள்ள பூட்டு எதுக்குன்னு..." முடிக்காமல் விட்டார்.

"மைசூர்ல சுமாரா பாதிப் பேரு அந்த அலமாரியைத் திறந்திருக்கலாம். அல்வா, அப்படித்தானே சார்?" என்றான் சந்துரு.

சித்தம்மாவுக்கு ஜோதிமணியே போன் செய்தாள். அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். குரலில் இன்னும் வார்டு அதிகாரம் இருந்தது. பன்னிரண்டாம் தேதி தான் குண்டலுபேட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்ததாகவும், மற்ற நாலு பேரும் கூடியிருப்பார்கள் என்று நினைத்ததாகவும் சொன்னார். வாட்ஸப்பில் தீர்மானம் வந்தது. கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினார். படித்தாரா? "இல்லம்மா. எங்க ஆபீஸ் வைஷாலி அனுப்பினா சரியாத்தானே இருக்கும்." தீபக்கும் அதையே சொன்னார். இன்னொரு டிரஸ்டி காவேரியும் அதையே சொன்னார். ஒவ்வொருவரும் மற்றவர்கள் கூடியதாக நம்பியிருந்தார்கள்.

"சூப்பர் கூட்டம்" என்றான் சந்துரு. "யாருமே வரல, ஆனா எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க."

மணி பதினொன்று.

காப்பகம் ஜெயலட்சுமிபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. சந்துரு ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் நாலு பிள்ளைகள் அதில் ஏறியிருந்தன. ஆபீஸ் அறையில் வைஷாலி இருந்தாள்; டிரஸ்டின் ஒரே அலுவலக ஊழியர், பதினோரு வருஷமாகக் கூட்டக் குறிப்புகளைத் தட்டச்சு செய்பவள். கணவன் அருண்ராஜ் மனோஜ்குமாரின் கட்டட சைட்டில் மேஸ்திரி.

ஜோதிமணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "பழைய குறிப்பேடு..." என்று ஆரம்பித்தாள்.

அவள் வாயை மூடுவதற்குள் பதினோரு வருஷக் குறிப்பேடுகளும் மேஜைமேல் வந்துவிட்டன.

ஜோதிமணி புரட்டினாள். சேகரன் சொன்னது சொன்னபடி இருந்தது. பட்டம் இல்லை, ஓட்டு இல்லை, தலைவர் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே சீர். "இந்தக் கடைசித் தீர்மானத்தை அடிச்சது யாருங்க?"

வைஷாலி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "என்னை ஒண்ணும் கேக்காதீங்க மேடம். புக்கைப் பாருங்க. நல்லாப் பாருங்க."

தெருவுக்கு வந்ததும் சந்துரு தலையைச் சொறிந்தான். "அந்தப் பொண்ணு முகத்துல ஏதோ இருந்துச்சு மேடம். தாலி கட்டறப்ப பொண்ணு அழுவாள்ல? பயந்தும் அழுவா, அப்பாடான்னும் அழுவா. லென்ஸ்ல வித்தியாசம் தெரியும். இது ரெண்டும் கலந்திருக்கு."

"ம்" என்றாள் ஜோதிமணி. அவள் கையில் ஒரு தாள் இருந்தது. அறிவிப்புப் பலகையில் தொங்கிய கட்டிலிருந்து கேட்டு வாங்கிய அச்சடித்த நோட்டீஸ். மேலே டிரஸ்டின் முகவரி, முத்திரை எல்லாம் அப்படியே.

"அது எதுக்கு?"

"மனோஜ்குமார் ரொம்ப அக்கறையான டிரஸ்டின்னு சேகரன் சார் கிளம்பறப்ப சொன்னாரே, கேட்டீங்களா? ஒவ்வொரு கூட்டத்துலயும் குறிப்பை ரெண்டு தடவை சத்தமா வாசிக்கச் சொல்வாராமா."

"அக்கறைதானே அது?"

"பாக்கலாம் வாங்க."

மனோஜ்குமாரின் அலுவலகம் கண்ணாடியும் ஏசியுமாக ஜில்லென்றிருந்தது. நாற்பதைத் தொடாத வயது, கலகலப்பான முகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காப்பகத்துக்கு இலவசமாகக் கூரை மாற்றிக் கொடுத்து, அப்படியே டிரஸ்டியும் ஆனவர்.

"கூத்கொள்ளி மேடம், உக்காருங்க. ஆ தீர்மானமா? எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. பள்ளிக்கூடம் என் பாவாவோடது, அக்கா வீட்டுக்காரரு. ஆனா அதுக்காக இல்ல. அந்தப் பழைய வீட்ல என்ன வசதி இருக்கு சொல்லுங்க? நான் புதுசாக் கட்டித் தரேன்னு எட்டு மாசமாச் சொல்றேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் காத்திருப்போம், காத்திருப்போம். ஜூன்ல ஸ்கூல் திறக்கணும் மேடம்! எத்தனை நாள் கண்ணை மூடிட்டு உக்கார்றது?"

"பள்ளிக்கூடம் உங்க மச்சானோடதுன்னு மத்தவங்களுக்குத் தெரியுங்களா?"

"கேக்கலயே யாரும்."

ஜோதிமணி தாளை நீட்டினாள். "இந்தத் தீர்மானம்தானே நீங்க எல்லாரும் எடுத்தது? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

மனோஜ்குமார் தாளை வாங்கினார். வரிக்கு வரி விரலை ஓட்டினார். புருவம் சுருக்கினார். பக்கத்தின் அடிவரை வந்து தலையை ஆட்டினார்.

"ஹௌது, இதேதான். ஒவ்வொரு வார்த்தையும் கரெக்டு."

"கடைசி வரியும்?"

"கடைசி வரிதானே ரொம்ப முக்கியம். அதைச் சேக்கச் சொன்னதே நான்தான்."

சந்துருவுக்குப் பயங்கரமாக இருமல் வந்தது. வெளியே ஓடினான்.

ஜோதிமணி படியிறங்கி வந்தபோது அவன் ஸ்கூட்டர் சீட்டில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். தாளைப் பிடுங்கி மறுபடியும் படித்தான். அது குடற்புழு மாத்திரை முகாமுக்கான அறிவிப்பு. கடைசி வரி: 'மாத்திரை போட்ட மறுநாள் மலத்தில் பூச்சி வந்தால் தாய்மார்கள் பயப்பட வேண்டாம்.'

"ஒவ்வொரு வார்த்தையும் கரெக்டாம்! பாவம் மேடம். தமிழ் பேசறாரு, படிக்கத் தெரியல."

"கன்னட மீடியத்துல படிச்சிருப்பாரு. ஊர்ல பாதிப் பிள்ளைங்களுக்கு அதுதானே நிலைமை. தப்பில்லை. தெரியும்னு நடிச்சதுதான் தப்பு."

சந்துரு சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "ஒரு நிமிஷம். இவருக்குத் தமிழே படிக்கத் தெரியாதுன்னா, இந்தப் பொய்த் தீர்மானத்தை இவரு எழுதல."

"இல்லை."

"வெளியாளு யாரோ எழுதிக் குடுத்திருக்கான். அதான் குவேக்கர் வழக்கம் தெரியாம இத்தனை தப்பு."

"அப்படித்தான் நானும் காலைல நெனச்சேன்" என்றாள் ஜோதிமணி. "தெரியாம எழுதறவன் அஞ்சு எடத்துல தப்பு விட்டா ரெண்டு எடத்துல குருட்டாம்போக்குலயாவது சரியா எழுதிருவான். இதுல ஒண்ணு பாக்கி இல்லாம எல்லாமே தப்பு. தேதி தப்பு, பட்டம் தப்பு, தலைவர் தப்பு, ஓட்டு தப்பு, நன்றியுரை தப்பு. அதே நேரம் குறிப்போட வரிசை எண் சரி, டிரஸ்ட் பதிவு எண் சரி, ஓரத்துல விடற இடம்கூட மத்தப் பக்கம் மாதிரியே சரி. எல்லா வழக்கத்தையும் மீறணும்னா எல்லா வழக்கமும் தெரிஞ்சிருக்கணுமுங்க."

"அந்தப் பொண்ணா?" என்றான் சந்துரு.

"வண்டியை எடுங்கண்ணா."

பிள்ளைகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தன. வைஷாலி ஆபீஸ் அறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எல்லாத்தையும் பாத்துட்டனுங்க" என்றாள் ஜோதிமணி மெதுவாக. "அஞ்சு தப்பு. அஞ்சையும் நீங்க வேணும்னேதான் போட்டீங்க."

வைஷாலி முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுது முடிக்கும்வரை ஜோதிமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாங்க இருக்கிற க்வார்ட்டர்ஸ் மனோஜ்குமாரோடது. வீட்டுக்காரரு வேலையும் அவர்கிட்டதான். 'நான் சொல்றதை அடிச்சுக் குடு, இல்லேன்னா ரெண்டு பேரும் சாமானை எடுத்துக்கங்க'ன்னாரு. கையெழுத்துப் போட்ட தாளை அவரே எடுத்து நீட்டினாரு." மூக்கை உறிஞ்சினாள். "முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல மேடம். பொய்யை எழுதினேன். பொய்னு தெரியற மாதிரி எழுதினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, கன்னடத்துல நான் வாசிச்சுச் சொன்னது குத்தகை விஷயம் மட்டும்தான். அஞ்சு டிரஸ்டிக்கும் அனுப்பினேன். குவேக்கர் கூட்டத்துல ஓட்டான்னு ஒருத்தராவது துள்ளிக் குதிப்பாங்கன்னு காத்திருந்தேன். பத்து நாள். சேகரன் சார் போனையே பாக்கல, மத்த எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினாங்க."

"சேகரன் சார் எதிர்த்தாருன்னு எதுக்குப் போட்டீங்க?"

"அவர் இருந்திருந்தா எதிர்த்திருப்பாரு. அது ஒண்ணுதான் அதுல நிஜம்."

இரண்டரை மணிக்கு அதே காப்பகத்தின் முன் அறையில் ஐந்து டிரஸ்டிகளும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சேகரன் அவசரக் கூட்டம் என்று கூப்பிட்டிருந்தார். மனோஜ்குமார் நாலு மணி டோக்கனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஜோதிமணியும் சந்துருவும் சுவரோரம். மௌனம். ஐந்தாவது நிமிஷத்தில் சந்துரு வியர்க்க ஆரம்பித்தான்.

சேகரன் எழுந்தார். "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு, பூட்டாத அலமாரில வெச்சேன். எழுத்தர் செய்யக் கூடாத காரியம். இது முதல் தப்பு, என்னோடது."

உட்கார்ந்தார். மறுபடியும் மௌனம். பிறகு வைஷாலி பேசினாள். க்வார்ட்டர்ஸ், மிரட்டல், தாள் எதையும் விடவில்லை. மனோஜ்குமாரின் முகம் வெளுத்துப்போயிற்று.

சித்தம்மா தொண்டையைச் செருமினார். "படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கினோம். நம்பிக்கைன்னு நெனச்சோம், சோம்பேறித்தனம் அது. இந்தப் பொண்ணு கிணத்துக்குள்ளேருந்து கத்தியிருக்கா. நாங்க எட்டிக்கூடப் பாக்கல."

"ஆயித்து, சரி" என்று மனோஜ்குமார் எழுந்தார். "நீங்க நாலு பேரு, நான் ஒருத்தன். ஓட்டுப் போட்டு என்னைத் தூக்கிடுங்க. முடிஞ்சு போச்சு."

"நாங்க ஓட்டுப் போடறதில்ல, மனோஜ்" என்றார் சேகரன்.

"அப்போ போலீசுக்குப் போங்க."

"போக வேண்டி வந்தா போவோம். அந்தப் பத்திரம் பதிவாகாது, நான் நேர்ல போய் நின்னு தடுப்பேன். ஆனா நீங்களும் இந்த வட்டத்துல ஒருத்தர். அதனால முதல்ல காத்திருப்போம்."

"எதுக்கு?"

"உங்களுக்கு."

மனோஜ்குமார் நின்றுகொண்டே இருந்தார். யாரும் அவரை முறைக்கவில்லை. யாரும் கெஞ்சவுமில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. ஆயா தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. மூன்று மணி. மூன்று இருபது. சந்துரு கர்சீப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாற்பதுக்கு மனோஜ்குமார் போனை எடுத்தார்.

"வக்கீலரே... பேடா, வேண்டாம். இன்னைக்கு பேடா, என்னைக்கும் பேடா. டோக்கனைக் கேன்சல் பண்ணிடுங்க."

போனை வைத்துவிட்டு வைஷாலி பக்கம் பார்த்தார்; நேராகப் பார்க்க முடியவில்லை. "க்வார்ட்டர்ஸ்ல யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அதை எழுத்துல குடுங்க" என்றார் சித்தம்மா. "வைஷாலி, நாளைக்கு உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. வேற வீடும் நாங்க பாத்து வெக்கறோம். மறுபடி உன் கழுத்துல யாரும் கை வெக்கக் கூடாது."

மனோஜ்குமார் தலையசைத்தார். பிறகு சேகரனிடம், "என் தப்பையும் குறிப்புல எழுதணும்" என்றார். "டிரஸ்டியா நான் இனிமே இருக்கக் கூடாது, அதையும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

சொன்னார். தமிழும் கன்னடமும் கலந்து, திக்கித் திக்கி, வெகுநேரம். யாரும் குறுக்கே பேசவில்லை. சேகரன் எழுதினார்.

ஜோதிமணியும் சந்துருவும் வெளியே வந்தபோது ஐந்து மணியாகியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போக அம்மாக்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பாதமெல்லாம் சிமென்ட் படிந்த ஒரு பெண், இடுப்பில் தூக்குச் சட்டியோடு, வாசலில் தயங்கி நின்றாள். உள்ளே ஏதோ கூட்டம் என்று கேள்விப்பட்டிருந்தாள் போலிருக்கிறது.

"ஏனுங்கக்கா," என்றாள் ஜோதிமணியிடம், "மூடப் போறாங்கன்னு சைட்ல பேசிக்கிட்டாங்க. நாளைக்குக் காப்பகம் உண்டுங்களா?"

"உண்டுங்க" என்றாள் ஜோதிமணி. "காலைல எப்பவும் போலக் கூட்டியாங்க."